பந்திங் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை, ஒரு மெழுகுக் கட்டியோடு

பந்திங்கிலிருந்து கார் இல்லாமல் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் வழக்கமாக எழுதுவேன். இந்த முறை சுற்றுலா இல்லை. சென்ற மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துணுக்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கோலாலம்பூர் போய்வந்தேன். எனக்கு வந்த நிலைமை வேறு யாருக்காவது வந்தால் உதவட்டும் என்று நேரம், தூரம், கட்டணம் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

போன தீபாவளிக்குப் பிறகு என் இடது கழுத்தெலும்புக்கு மேலே சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். ஆனால் அது கழுத்தில் பிறந்ததில்லையாம், வேறெங்கோ தொடங்கி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறதாம். மார்பு, நுரையீரல், குடல் என்று இரண்டு மாதம் தேடினார்கள். எங்கும் ஒன்றும் தெரியவில்லை. கோப்பில் 'மூலம் அறியப்படாத புற்றுநோய்' என்று ஆனது. (இதைத் தமிழில் சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். ஒரு சித்தி எனக்கு மூலவியாதி என்று நினைத்துக் கருணைக்கிழங்கு வாங்கி வந்துவிட்டார்.)

கடைசியாக டாக்டர் மூலக்கூறுப் பரிசோதனை ஒன்றைச் சொன்னார். தமிழர்தான், பொறுமையாக விளக்கினார். "கிளந்தான்காரர் ஒருத்தர் கேஎல்லுக்கு வந்து முப்பது வருஷம் ஆனாலும், வாயத் திறந்தா எந்த ஊருன்னு தெரிஞ்சிடும்லா? இந்த செல்லும் அப்படித்தான். இடம் மாறினாலும் பொறந்த எடத்து ஜீன் கொஞ்சம் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். அத வச்சு எங்க ஆரம்பிச்சதுன்னு கணிக்கலாம். ஆனா எல்லாருக்கும் பதில் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்."

பரிசோதனை வெளிநாட்டில். மாதிரியை வாங்கி அனுப்பும் அலுவலகம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில். கிள்ளானிலிருந்து அதை நானே கொண்டுபோய்க் கொடுத்தால் நாள் மிச்சம். என் கணவர் செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுகிறார், அந்த வாரம் ஜொகூரில் இருந்தார். அதனால் கூட வந்தவர் கமலா அக்கா, என் கணவரின் அண்ணி.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்னால் கமலா அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவைச் சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு என்று எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். இளஞ்சிவப்பு டீசட்டை போட்ட பெண்கள் குழு ஒன்றில் சேர்ந்து மண்டபங்களில் பேசுகிறார். எங்கே போனாலும் கைதட்டல். நான் அவரோடு போக விரும்பவில்லை. வேறு ஆள் இல்லை.

காலை ஏழேகாலுக்குப் பேருந்து. கிள்ளானுக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர், நான்கு ரிங்கிட், நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம். மருத்துவமனையில் தாதி கமலா அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். நான் பக்கத்தில் கோப்போடு நின்றேன். அரை மணி நேரத்தில் ஓர் உறையைக் கொடுத்தார்கள். உள்ளே கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய மெழுகுக் கட்டி, நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் நான்.

கிள்ளான் நிலையத்தில் பத்தேகால் ரயில். பெண்களுக்கு மட்டுமான பெட்டி நடுவில் இருக்கும், அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது. கூடவே கமலா அக்காவின் குழுத்தோழி ஒருத்தியும் கிடைத்தாள். ஷா ஆலம் வரை இருவரும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு எந்தக் கேன்சரு?"

"தெரியலை."

"தெரியலைன்னா? டாக்டர் சொல்லலையா?"

"டாக்டருக்கே தெரியலை."

அவள் "ஓ" என்றாள். கமலா அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையை உதற வேண்டும் போலிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இருவர் மேலும் எனக்குப் பொறாமை. உடல்நலத்தின் மேல் இல்லை, நோயின் மேல். அவர்கள் நோய்க்கு இடம் இருந்தது, மருந்து இருந்தது, சட்டைகூட இருந்தது. எனக்கு எதற்கு மருந்து கொடுப்பது என்றே யாருக்கும் தெரியாது.

ஒரு மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரல். வெளியே வந்து பத்து நிமிட நடை. அலுவலகத்தில் உறையைக் கொடுத்துக் கையெழுத்துப் போட இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முடிவு வர மூன்று வாரம் என்றார்கள்.

திரும்பும் வழியில் கமலா அக்கா ஒரு பூசைச் சாமான் கடைக்குள் நுழைந்தார். நேர்த்திக்கடனுக்குப் போடும் உறுப்புத் தகடு வாங்க வேண்டுமாம். அவருக்கு வந்தபோது நெஞ்சுத் தகடு போட்டது பலித்ததாம்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து வைத்தார். "கண்ணு இருக்கு, காலு இருக்கு, வயிறு இருக்கு. எது வேணும் ஆன்டி?"

கமலா அக்கா என்னைப் பார்த்தார். "எத வாங்கலாம் தேவி?"

அவ்வளவுதான். "அதத்தான் ரெண்டு மாசமா தேடுறாங்க!" என்று கத்திவிட்டு வெளியே நடந்தேன்.

அவர் பின்னாலேயே வந்து என்னை ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்தார். (ஆளுக்குப் பன்னிரண்டு ரிங்கிட், ரசம் நன்றாக இருந்தது. மற்ற நாளாக இருந்தால் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருப்பேன்.) சோறு வந்தும் நான் தொடவில்லை.

"உங்களப் பார்த்தா எனக்கு எரியுதுக்கா," என்றேன். "உங்களுக்கு வந்ததே எனக்கும் வந்திருக்கக் கூடாதான்னு தோணுது."

கமலா அக்கா கோபப்படவில்லை. இலையில் சோற்றைப் பிசைந்தபடியே பேசினார்.

"எனக்கு எங்க வந்துச்சுன்னு ஊருக்கே தெரியும் தேவி. கல்யாண வீட்டுல நுழைஞ்சா, வாங்கன்னு சொல்றவங்க கண்ணு நேரா இங்கதான் வரும். எது நெசம், எது பஞ்சுன்னு பாப்பாங்க. மேடையில நின்னு பேசும்போதும் பாப்பாங்க. நீ சேலைத் தலைப்ப இழுத்துவிட்டா ஒண்ணும் தெரியாது. போன வாரம் நீ கண்ணாடி முன்னாடி ரவிக்கை மாத்திக்கிட்டு இருந்த. எனக்கும் எரிஞ்சுச்சு."

அவர் இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"இன்னொண்ணும் சொல்றேன். ஆறு மாசம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சேன். நீ ஒரு நாளாச்சும் கூட வந்தியா?"

வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். உண்மை அதுவல்ல. அந்த ஆறு மாதமும் மாமியார் அவருக்கு மட்டும் மீன் சூப் வைத்துக் கொடுத்தார். வீடே அவரைச் சுற்றி நடந்தது. அப்போதும் எனக்குப் பொறாமைதான். அதையும் அந்த இலைக்கு முன்னால் சொன்னேன். அவர் ரசத்தை எடுத்து என் சோற்றில் ஊற்றினார். பிறகு, "அந்த சூப்புல உப்பே இருக்காது," என்றார். இருவரும் சாப்பிட்டோம்.

மூன்றரை வாரம் கழித்துக் கிள்ளானுக்கு வரச் சொன்னார்கள். டாக்டர் அறிக்கையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"சிறுநீரகம். பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிச்சிருக்கணும். ஸ்கேன்ல தெரியாத அளவுக்குச் சின்னதா இருந்திருக்கலாம். அதனால மிச்சமிருந்த சதைக்கு வேற சாயம் போட்டு மறுபடி பார்த்தோம். அதுவும் ஒத்துப்போகுது."

சிறுநீரகம் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். புற்றுநோய்க்காரி ஒருத்தி இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாளா? நான் பட்டேன். கமலா அக்கா அழுதார். "கழுத்து வரைக்கும் வந்ததால முழுசா ஒழிக்கிறது கஷ்டம். ஆனா கட்டுப்படுத்தலாம்," என்றார் டாக்டர். குத்துமதிப்பாகக் கொடுக்கவிருந்த கீமோவை நிறுத்தி, தினமும் மாத்திரையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்தும் தொடங்கினார். நான்கு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கழுத்துக் கட்டி பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது. உள்ளங்கால் எரிகிறது, நாக்கில் ருசி இல்லை. ஆனாலும் நடக்கிறேன், எழுதுகிறேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்க மருத்துவமனைக்கு முதல்நாளே எழுதிக் கொடுங்கள், அதே நாளில் கேட்டால் கிடைக்காது. வெயிலில் நிற்கும் காரில் உறையை வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். அதில் மாதிரி போதுமான அளவு இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், குறைந்தால் மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டிவரும். பரிசோதனைக் கட்டணம் ஆயிரக்கணக்கில் வரும். பதில் வந்தால் சிகிச்சை மாறுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள், சிலருக்கு மாறாது. எட்டு மணிக்குப் பிறகு பந்திங்கில் பேருந்து ஏறினால் பத்தேகால் ரயிலை மறந்துவிடுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், பிடிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த மாதம் கமலா அக்காவுக்கு வருடாந்திரப் பரிசோதனை. அதே ஏழேகால் பேருந்தில் நானும் போகிறேன். ஒன்றுமில்லை என்று அவருக்கு முடிவு வரும் என நம்புகிறேன். வந்தால் எனக்குக் கட்டாயம் பொறாமையாக இருக்கும். இந்தத் தடவை அதை அங்கேயே, அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன்.