மண்ணெண்ணெய்ப் பெட்டிச் சோபா

சிரம்பானில் எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சீனரிடம் வெறும் பெட்டி கேட்டால், முதலில் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு கடல் இருக்கும் பக்கமாகக் கையை நீட்டி, "பாலிக்?" என்பார். மலாயில் அதற்கு, ஊருக்குத் திரும்புகிறாயா என்று அர்த்தம். பெட்டி வாங்குகிறவர்கள் சாமான் கட்டிக் கப்பலேறத்தான் வாங்குவார்கள் என்பது அவருடைய எண்ணம். இல்லை ஐயா, இது இருக்கிறதுக்கு என்று நான் குந்தி எழும்பிக் காட்டுவேன். அந்த நல்ல மனிதர் எனக்குக் கால் நோகிறதென்று நினைத்து முக்காலி எடுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீரும் தருவார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பெட்டிகளை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வருவேன்.

மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டை அடக்கி வருகிற பெட்டி அது. பலகை மெல்லிசு, ஆனால் நேரானது. என் கைவேலையை நானே புகழக்கூடாது, என்றாலும் வேறு யார் புகழப் போகிறார்கள்? ஆணிகளைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நிமிர்த்துவேன். போத்தல் உடைசலால் சிராய் போகச் சுரண்டுவேன். இரண்டு பெட்டியைக் கவிழ்த்து ஒட்ட அடித்து, மூன்றாவதைப் பிரித்துச் சாய்வு வைத்து, இலவம்பஞ்சு மெத்தை போட்டு, மேலே பூப்போட்ட சீத்தைத் துணியைச் சுருக்கு வைத்துத் தைத்துவிட்டால் சோபா. சுருக்கு நிலத்தைத் தொட வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு விரல் கட்டையானாலும் உள்ளே கிடக்கிற எண்ணெய்க் கொம்பனி முத்திரை பல்லைக் காட்டும். கட்டில், மேசை, பிள்ளையின் தொட்டில், சாமிப்படத் தட்டு எல்லாம் இப்படித்தான். என்னவர் ரெயில்வேயில் கிளாக்கர். இருக்க ஒரு நல்ல கதிரைகூட அவர் இங்கே வாங்கவில்லை. வாங்கக்கூடிய காசை எல்லாம் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான அரியாலைக்கு அனுப்பினோம், அங்கே எங்கள் வீட்டுக்கு ஓடு போடவும், முதிரை மரத்தில் கதிரையும் அலுமாரியும் செய்விக்கவும்.

அந்த வீடு என்னைப் பெற்ற அப்பு எனக்கென்று வாயால் தந்தது. உறுதிப் பத்திரம் எழுதவில்லை. அப்பு போனபிறகு காணி என் அண்ணையின் பேரில்தான் கிடந்தது. என்னவர் ஒருக்கா, "உறுதியை முடிச்சுப்போட்டுக் கப்பலேறுவமே?" என்று கேட்டார். கூடப் பிறந்தவனிடம் உறுதி கேட்கிறதோ, ஊர் காறித் துப்பாதோ என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். எங்கள் ஆட்கள் ஒரு பனைக்காக அயலானோடு வழக்காடிக் கோடேறுவார்கள். சகோதரத்துக்குள் மட்டும் கடதாசி கேட்டால் மானக்கேடு. இதை வாசிக்கிற நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள், இல்லையென்று சொல்லாதேங்கோ.

அண்ணை ஒருமுறை வேலை தேடி மலாயா வந்து எங்களோடு ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தார். பெட்டிக் கட்டிலில் படுத்தார், பெட்டி மேசையில் சாப்பிட்டார். முதல் நாள் சீத்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவர் கண் கலங்கிப் போனதை நான் கண்டேன். "தங்கச்சி, நீ கெட்டிக்காரி. இதை நான் ஊரிலை ஒருதருக்கும் சொல்லமாட்டன்" என்றார். என் மானத்தைக் காக்கிறார் என்று அன்று எவ்வளவு உருகினேன்! வேலை கிடைக்காமல் திரும்பும்போது, நாங்கள் அந்தச் சோபாவில் இருந்து எடுத்த படம் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

போன வருஷம் இவருக்கு நீண்ட லீவு கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ரெயிலால் இறங்கி, திருக்கல் வண்டி பிடித்து அரியாலைக்குப் போனோம். என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தவள் அண்ணையின் மகள் புஷ்பம், கழுத்தில் புதுத் தாலியோடு.

"வாங்கோ மாமி, வந்து இருங்கோ. எத்தினை நாளைக்கு நிக்கிறியள்?"

என் வீட்டில், நான் செய்வித்த முதிரைக் கதிரையில், என்னை இருக்கச் சொல்கிறாள்! கலியாணம் நடந்தது தெரியும். வீட்டையும் தளபாடத்தையும் சீதனமாக எழுதிக் கொடுத்தது அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அண்ணை என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"வீடு இல்லாட்டில் தாலி கட்டமாட்டம் எண்டு மாப்பிள்ளை வீட்டார் நிண்டிட்டினம், பிள்ளை. நான் என்ன செய்ய? உனக்கு அங்கை என்ன குறை?"

"என்ன குறையோ? அண்ணை, நீங்கள் அந்தப் பெட்டியிலை படுத்தெழும்பினனீங்கள்!"

"அது எனக்குத் தெரியும். அவைக்குத் தெரியாதுதானே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எவ்வளவு ஆறுதலாகச் சொன்னார் தெரியுமா! மாப்பிள்ளை வீட்டார் "உங்கடை தங்கச்சி வந்து வீடு கேட்டால்?" என்று கேட்டபோதெல்லாம் அவர் அந்தப் படத்தைத்தான் நீட்டியிருக்கிறார். மாளிகையில் இருக்கிறவள் இந்த ஓட்டு வீட்டுக்கு ஏன் வரப்போகிறாள் என்று.

நான் விடவில்லை. கூடத்துக்குப் போய், புஷ்பத்தின் மாமியாருக்கு முன்னால், சுவரில் தொங்கிய படத்தைக் காட்டிச் சொன்னேன்: "இது சோபா இல்லை. மண்ணெண்ணெய்ப் பெட்டி."

மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். "மலாயாக்காரர் உப்பிடித்தான். இல்லை, இல்லை எண்டு சொல்லிச் சொல்லியே சேர்ப்பினம்."

"அவள் சின்னனிலை இருந்தே பகிடிக்காரி" என்றார் அண்ணை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

புஷ்பம் பாவம், ஆசையாகக் கேட்டாள்: "மாமி, உப்பிடி ஒண்டு எனக்கும் அனுப்பிவிடுவியளோ?"

"ஏன் அனுப்பிறது? இஞ்சையே செய்து தாறன்" என்றேன்.

மறுநாள் காலை யாழ்ப்பாணம் பெரிய கடைக்கு வண்டி விட்டு மூன்று வெறும் பெட்டி வாங்கி வந்தேன். அதே பெட்டி, அதே முத்திரை. முற்றத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினேன். இவர், "விடப்பா, சனம் பாக்குது" என்றார். பார்க்கட்டும் என்றுதானே அடிக்கிறேன்! வேலியால் அயலட்டை எட்டிப் பார்த்தது. சத்தம் கேட்டு அண்ணை ஓடி வந்தார்.

"உனக்கென்ன விசரே? நிப்பாட்டு!"

"உங்கடை மகள் கேட்டவள், அண்ணை. செய்து குடுக்காட்டில் பாவமெல்லோ?"

மத்தியானத்துக்குள் முடிந்தது. புஷ்பத்தின் சீத்தைத் துணியால் சுருக்கும் வைத்து, கூடத்தில் அந்தப் படத்துக்கு நேர் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். மாமியார் படத்தைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார், குனிந்து சுருக்கைத் தூக்கினார். மண்ணெண்ணெய் மணம் கூடம் முழுக்கப் பரவிற்று. புஷ்பம் மெல்ல அதில் இருந்து, கையால் பலகையைத் தடவினாள்.

"மாமி, இவ்வளவு காலமும் நீங்கள் உதிலையோ இருந்தனீங்கள்? அப்பாவுக்குத் தெரியுமோ?"

"கேட்டுப் பார்" என்றேன். அண்ணை சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டிப் போய்விட்டார். அவர் முகத்தை நான் பிறகு பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை.

புஷ்பம் அழுதாள். நானும் அழுதேன். மாமியார் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று கொஞ்ச நேரம் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியார் சுருக்கைக் கீழே விட்டு, அது நிலத்தைத் தொடும்படி ஒழுங்காக இழுத்தும் விட்டார். "பாவந்தான். எண்டாலும் எழுதின உறுதி எழுதினதுதானே" என்றார்.

மிச்ச லீவை இணுவிலில் இவருடைய சகோதரி வீட்டில் கழித்துவிட்டுக் கப்பலேறினோம். வந்த பிறகு இவர் தேக்கில் நல்ல கதிரைகள் வாங்குவோம் என்கிறார். இனி யாருக்காக மிச்சம் பிடிக்க, வாங்கத்தான் வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. எந்த ஊர் என்று யாரும் கேட்டால் இப்போதும் வாய் தன்பாட்டில் அரியாலை என்றுதான் சொல்கிறது. அரியாலையில் எனக்கென்று இருப்பது இரண்டு மண்ணெண்ணெய்ப் பெட்டி அகலம். இங்கேயும் அவ்வளவுதான்.