அக்கா ஏன் சொல்லாமல் வந்தார்

உறவினர்களே, நண்பர்களே, இந்த நினைவு மலரை வாங்கிப் பையில் வைத்துவிடாதீர்கள். பந்தியில் உட்காருவதற்கு முன் இந்த இரண்டு பக்கத்தையும் படித்துவிடுங்கள். எங்கள் அக்கா நம்மை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு. அவ்வளவு நாளும் நான் வாய்க்குள் அடக்கி வைத்திருந்த ஒரு செய்தியை இன்று போட்டு உடைக்கப் போகிறேன். தங்கைக்காரி அழுதுகொண்டே எழுதியிருப்பாள் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, எனக்குக் கை பரபரக்கிறது!

அக்கா செவிலிமேட்டில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பாலாற்றங்கரையில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். எங்கள் வீட்டில் கறி என்றால் விருந்தாளி வந்த நாள்தான். வாசலில் மேயும் சேவலைப் பிடித்து அறுப்போம். அறுத்ததோடு விட மாட்டோம், இலையில் போடும்போது "உங்களுக்காகத்தான் அறுத்தது" என்று சொல்லியே தீருவோம். காணி நிலம் இல்லாதவர்கள் வேறு எதைக் காட்டி மரியாதை செய்வது? அம்மா காலமானபோது அக்காவுக்குப் பதினைந்து வயது. பள்ளியை விட்டுவிட்டு என்னை வளர்த்தார். பிறகு ஒரு பள்ளிக்கூடத்திலேயே சத்துணவுச் சமையலராகச் சேர்ந்தார். அவர் கைக் குழம்பின் ருசியை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கல்யாணமான புதிதில் அக்காவும் அத்தானும் காஞ்சிபுரத்தில் கோயிலை ஒட்டிய ஒரு தெருவில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் முதலில் கேட்டதே, "கறி சாப்புடுவீங்களா?" என்றுதான். "சாப்புடுவோம்" என்றார் அக்கா. கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று அத்தான் கேட்டதற்கு, "என் தட்டுல இன்னா இருக்குதுன்னு ஒளிச்சிக்கினு ஒரு வூட்ல குடியிருக்கணுமா?" என்று கத்தினாராம். செவிலிமேட்டிலேயே சொந்த வீடு கட்டிய பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அதனால், இருவரும் பௌத்தம் ஏற்றுப் பஞ்சசீலம் எடுத்தபோது வீட்டில் பெரிய ரகளை. உயிரைக் கொல்லாதே என்பது முதல் சீலம். "இனிமே கறி கெடையாது" என்றார் அத்தான். "வூடு குடுக்காதவனும் இதத்தான சொன்னான், நீயும் சொல்றியா?" என்று அக்கா பிடித்துக்கொண்டார்.

இந்தச் சண்டை ஓய்வதற்குள் ஒரு பிக்கு (பந்தே என்றுதான் கூப்பிடுவோம்) எங்கள் வீட்டுக்கு உணவு ஏற்க வருவதாகச் சொன்னார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்ததிலேயே கொழுத்த சேவலை அறுத்து, மிளகு அரைத்து, தெருமுனை வரை மணக்கக் குழம்பு வைத்தார். பிக்கு பாத்திரத்தை நீட்டினார். அக்கா கரண்டியும் கையுமாக, நம் வழக்கப்படி, பெருமையாகச் சொன்னார்: "சாப்புடுங்க பந்தே. உங்களுக்காகத்தான் அறுத்தது."

பிக்கு பாத்திரத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"பாத்திரத்துல விழறத சாப்புடறது எங்க முறைம்மா. கறி விழுந்தாலும் சாப்புடுவேன். ஆனா எனக்காக ஒரு உயிர் போச்சுன்னு கண்ணால பாத்தாலோ, காதால கேட்டாலோ, சந்தேகம் வந்தாலோ தொடக் கூடாது."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

"சாப்ட்டிருப்பேன்."

"அப்ப கோழிக்கு இன்னா லாபம் பந்தே?"

பிக்கு சிரித்துவிட்டார். "அத யோசிக்கத்தாம்மா நானும் இந்தத் துணிய கட்டிக்கினு சுத்தறேன்" என்றார். அன்று அவர் சாப்பிட்டது வெறும் சோறும் ரசமும்.

கேள்வி கேட்டது அவர்தான், மாட்டிக்கொண்டதும் அவர்தான். ஒரு வாரம் கழித்து அக்கா தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். கோழி வளர்ப்பார், அறுக்க மாட்டார். கடையிலும் வாங்க மாட்டார். "கடைக்கோழியும் வாங்கறவங்களுக்காகத்தான சாவுது?" என்பார். ஆனால் ஒரு வீட்டில் ஏற்கெனவே ஆக்கி வைத்திருந்ததை இலையில் போட்டால் மறுக்காமல் சாப்பிடுவார். அன்று கதவைச் சாத்திய வீட்டுக்காரருக்குப் பயந்து கறியை விட்டுவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாதே!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதன் பிறகு அக்கா உங்கள் வீடுகளுக்கெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார் அல்லவா? வேவு பார்க்க வருகிறாள் என்று சிலர் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. வேவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வருகிறேன் என்று சொன்னால் நீங்கள் சேவலைப் பிடித்துவிடுவீர்கள்! தன்னை முன்னிட்டு ஒரு உயிர் போகக் கூடாது என்றுதான் போன் செய்யாமல் பஸ் ஏறினார். எத்தனை வீட்டுச் சேவல்கள் அக்காவால் பிழைத்தன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கடைசியில் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெனவு நாளுக்கு எனக்குன்னு கெடா வெட்டுவீங்க. நான் எழுந்து வந்து பாத்திரத்த மூட முடியாது. நீதான் மூடணும்" என்றார். மூடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டேன், காப்பாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. போன வாரம் வாலாஜாபாத்திலிருந்து எங்கள் தாய்மாமன் கிடாவோடு வந்து இறங்கினார். அப்பாவுக்குப் பிறகு எங்களுக்கு எல்லாமாக இருந்தவர் அவர். "எம் பொண்ணு படத்துக்கு முன்னால கறி இல்லாம எலை போடுவியா? கறின்னா கேவலம்னு நாமளே ஒத்துக்கினோம்னு ஊரு பேசாதா?" என்றார். அக்காவின் பழைய கோபமே மாமா வாயிலிருந்து வந்தது. அக்காவிடம் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், மாமாவின் மனசு ஒரு பக்கம். கடைசியில், மேலே உங்களுக்குச் சொன்னது அத்தனையும் அவரிடம் சொன்னேன்.

மாமா கையிலிருந்த கிடாவின் கயிற்றை வாசல் தூணில் கட்டினார்.

"ஒவ்வொரு தபாவும் வாசல்லயே திட்டுவேம்மா. சொல்லிட்டு வந்தா ஒரு கோழி அறுத்திருப்பேன்லன்னு. சிரிச்சிக்கினே பழைய சோத்தையும் கருவாட்டையும் துன்னுட்டுப் போவா" என்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பந்தல் காலில் கட்டியிருப்பது அந்தக் கிடாதான். ஆளாளுக்கு இலையைக் கொடுத்து அதன் வயிற்றைக் கெடுத்துவிடாதீர்கள். அக்காவின் படத்துக்கு முன் அன்று பிக்கு சாப்பிட்ட அதே சோறும் ரசமும் வைத்திருக்கிறோம். உங்களுக்கு வடை பாயசத்தோடு முழுச் சாப்பாடு. கறி கேவலம் என்பதற்காக அல்ல. இன்று எதை அறுத்தாலும் அது அக்காவுக்காக அறுத்ததாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் முறைபோட்டுக் கூட இருந்த சத்துணவுக் கூடத் தோழிகளுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், இறுதி நாளில் வந்து சீலம் ஓதிய பிக்குவுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மாமா நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே சொல்லிட்டே வாங்கம்மா. எதையும் அறுக்க மாட்டேன்" என்றார். இதைக் கேட்க அக்கா இல்லையே! இருந்திருந்தால் அப்போதே போனை எடுத்து, "மாமா, நாளைக்கு வரேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பார்.