ஆடி கழித்து, கணபதி கழித்து

ஆவணி 10, காலை எட்டரை மணி. செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். போக வேண்டிய ஊர் ஜெர்மனியில் இருக்கும் ஸ்டுட்கார்ட். அன்றைக்குப் போன இடம் பாந்த்ரா-குர்லா வளாகம், ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். என் பயணம் தாணேக்கு அப்பால் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனியும் கோட்டைகளும் வேண்டுகிறவர்கள் போய்விட்டு வந்த யாராவது எழுதியதை வாசித்துக்கொள்ளலாம். தேதிகளைத் தமிழ் மாதத்தில்தான் தருகிறேன். இந்தப் பயணத்தைக் கெடுத்தது தமிழ் மாதம்.

தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கணவருக்கு அதே தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டில் ஸ்டேஷனரிக் கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஒரே மகள் மலர். அவள் காதலித்துக் கட்டிக்கொண்ட ஹரி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுப் பையன். கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் அந்த வீட்டில் எங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்கவில்லை. பிறகு மனம் மாறினார்கள். மாறிய நாளிலிருந்து மாட்டுங்காவில் யாராவது தும்மினால்கூட என் வீட்டுக்காரருக்கு அது உத்தரவு.

ஹரியோடு ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மலருக்கு ஐப்பசி 5 பிரசவத் தேதி கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். பெண்ணைப் பெற்றவள்தான் பக்கத்தில் இருக்க வேண்டும், இதில் இரண்டு பேச்சே கிடையாது. ஆனி கடைசியிலேயே நான் விசாவுக்கு மனுப் போடத் தயாராக இருந்தேன். அந்த நேரம் பார்த்து ஹரியின் அம்மா சீதா மாமி போனில், "கர்க்கடகம் பொறக்கப் போறது, இப்போ ஒண்ணும் தொடங்க வேண்டாமே. ஆடி கழியட்டுமே" என்றார். நம் ஆடிதான் அவர்களுக்குக் கர்க்கடகம். அக்கறையாகத்தான் சொன்னார். விசா மனு என்ன பந்தக்கால் நடுகிற காரியமா என்று வீட்டில் கேட்டேன்.

"சம்பந்தியம்மா சொல்லுதாவல்லா, டீச்சர்," என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாள் முதல் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "ஆடி கழியட்டும். ஜெர்மனி எங்க ஓடியா போவப்போவுது?"

ஜெர்மனி ஓடவில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது.

ஆட்டோக்காரர் ஜௌன்பூர்க்காரர். ஃபைலைப் பார்த்ததுமே, "பாஹர் ஜானா ஹை க்யா, மாஜி?" என்று கேட்டார். வெளிநாடுதான், பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது என்றேன். தினமும் இந்த வளாகத்துக்கு ஃபைலும் கையுமாக ஆட்களைக் கொண்டுவிடுகிறாராம். போகும்போது எல்லோரும் பேசிக்கொண்டே வருவார்கள், திரும்பும்போது பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள் என்றார். மீட்டர் நூற்றி முப்பத்திரண்டு காட்டியது. நூற்று நாற்பதாகக் கொடுத்துவிட்டு, நல்ல மனநிலையில் இறங்கினேன்.

விசா மையம் கண்ணாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. ஏசி எலும்பு வரை ஏறியது. ஜன்னல் வழியே மித்தி ஆறும், அதற்கு அந்தப் பக்கம் தாராவியின் தகரக் கூரைகளும் தெரிந்தன. என் பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டியைக்கூட அடையாளம் கண்டுபிடித்தேன். இத்தனை வருஷம் அந்தப் பக்கமிருந்து இந்தக் கண்ணாடியைப் பார்த்தவள், இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டோம் என்று சின்னதாக ஒரு பெருமை. அதற்கு ஆயுள் பத்து நிமிஷம்.

கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஆன்ட்டி, வேலிடிட்டி கம் ஹை" என்றாள், செல்லுபடியாகும் காலம் குறைவாம். என் பெயரை மறுபடி பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். "எப்ப திரும்பி வர்றீங்க?"

"மார்கழியில. டிசம்பர் கடைசி."

"பாஸ்போர்ட் ஜனவரியில முடியுது ஆன்ட்டி."

"அதுக்குள்ள வந்துருவேனே. ஒரு மாசம் மிச்சம் இருக்குல்லா."

"அப்படி இல்ல ஆன்ட்டி. நீங்க திரும்பி வந்ததுக்கப்புறம் மூணு மாசம் அது உயிரோட இருக்கணும். ரூல் அதான். ரினியூ பண்ணிட்டு வாங்க."

பத்து வருஷத்துக்கு முன்னால், பள்ளி ஆசிரியைகள் எல்லாம் சேர்ந்து சிங்கப்பூர் போகலாம் என்று கிளம்பியபோது எடுத்த பாஸ்போர்ட் அது. யாரும் போகவில்லை. ஒரு முத்திரை விழாமல் பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தே வயதாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு அது எத்தனை மாசம் உயிரோடிருந்தால் யாருக்கு என்ன? ஆனாலும் விதி விதிதான், அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் வயிறு எரிந்தது வேறு கணக்கில். இதே வார்த்தையை ஆடி முதல் வாரத்தில் கேட்டிருந்தால் ஆடிக்குள்ளேயே புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்திருக்கும். ஒரு மாசம் முழுவதும் நல்ல நாளுக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும்போது ஆட்டோவில் நானும் வாய் திறக்கவில்லை.

ஆவணி 18. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அவசர வழியில் பதிய எங்கும் இடம் கிடைக்கவில்லை. சாதாரண வழியில் தாணே பாஸ்போர்ட் சேவை மையத்தில் ஓர் இடம் கிடைத்தது. செம்பூரிலிருந்து குர்லா, அங்கே பாலம் ஏறி இறங்கி தாணே ஸ்லோ வண்டி. இரண்டாம் வகுப்பு டிக்கெட் பதினைந்து ரூபாய். பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே ஒரு மராத்திக்கார அம்மாள், பக்கத்தில் பை நிறையக் கணபதி அலங்காரச் சாமான். நாலு நாளில் சதுர்த்தி. என் ஃபைலைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டவர், கணபதி வருகிறார், இனி தடையெல்லாம் விலகிவிடும் என்று என் கையைத் தட்டிக்கொடுத்து காட்கோபரில் இறங்கிப் போனார். அந்த அம்மாளை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

மையத்தில் எல்லாம் வரிசையாக நடந்தது. புகைப்படம், கைரேகை, மூன்று மேஜை. மூன்றாவது மேஜை அதிகாரி பழைய பாஸ்போர்ட்டில் இருந்த தாராவி முகவரியைத் தொட்டுக் காட்டினார். எங்கள் பழைய கட்டடத்தை இடித்த பிறகு செம்பூருக்கு வாடகைக்கு வந்தவர்கள் நாங்கள். வீடு மாறியதால் போலீஸ் விசாரணை முடிந்த பிறகுதான் புதியது அச்சாகும் என்றார். பழையதன் அட்டை மூலையை வெட்டி, ரத்து முத்திரை குத்திக் கையில் கொடுத்தார்கள். பத்து வருஷத்தில் அதில் விழுந்த ஒரே முத்திரை.

ஆவணி 25. போலீஸ்காரர் வரக் காணோம். நானே ஸ்டேஷனுக்கு நடந்தேன், வீட்டிலிருந்து இருபது நிமிஷம். வழியெல்லாம் பந்தல். ஸ்டேஷன் உள்ளே பாதி நாற்காலி காலி. இருந்த ஒரே ஹவல்தார் என்னை மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"மேடம், சப் லோக் பந்தோபஸ்த் மே ஹை. கணபதி கே பாத் ஆவோ."

எல்லோரும் காவலுக்குப் போயிருக்கிறார்கள், கணபதி கழித்து வா என்கிறார். என் பெண்ணுக்குப் பிரசவம், தேதி நெருங்குகிறது என்று சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். தன் பெண்ணுக்கும் இது நிறைமாசம்தான், தானே மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை என்றார். அவரிடம் என்ன சண்டை போடுவது? ஆடி கழியட்டும் என்றார்கள், கழிந்தது. இப்போது கணபதி கழிய வேண்டும். வாசலில் ஸ்டேஷன்காரர்களே வைத்திருந்த பிள்ளையார், பெரிய லட்டுவோடு உட்கார்ந்திருந்தார். நான் கும்பிடவில்லை. அன்றைக்குக் கை எழும்பவில்லை.

கடலில் கரைத்து முடித்த மூன்றாம் நாள் அதே ஹவல்தார் வீட்டுக்கே வந்தார். டீ குடித்தார், இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கினார், கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. தன் பெண்ணுக்குப் பையன் பிறந்திருக்கிறான் என்று போகும்போது சொன்னார். நல்லது என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

புரட்டாசி 15. ஸ்பீடு போஸ்டில் புதுப் பாஸ்போர்ட் வந்தது. கருநீல அட்டையில் கைரேகை படாத பளபளப்பு. என் விமானம் புரட்டாசி 20. விசா மையத்தின் இணையதளத்தைத் திறந்தால், கிடைக்கிற முதல் நாள் ஐப்பசி 12. காலை, மதியம், மாலை என்று திறந்து திறந்து பார்த்தேன். நாள் பின்னுக்குப் போனதே தவிர முன்னுக்கு வரவில்லை.

மலர் வீடியோவில் வந்தாள். முகம் உப்பியிருந்தது, கணுக்காலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மா, டென்ஷன் எடுக்காதே. ஹரி அம்மா வர்றாங்க. போன வருஷம் எடுத்த விசா அவங்களுக்கு இன்னும் இருக்கு."

"நல்லதாப் போச்சு," என்றேன்.

பிறகு, "நீ இருப்பேன்னுதான்மா நான் பயப்படாம இருந்தேன்," என்றாள். போனை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. பாத்திரங்களை மறுபடி துலக்கினேன்.

புரட்டாசி 23, மாலை நாலு மணி. செம்பூரிலிருந்து பஸ்ஸில் கிங்ஸ் சர்க்கிள், பத்து ரூபாய். ஆட்டோவுக்கு சயானோடு எல்லை முடிந்துவிடும், மாட்டுங்காவுக்குள் அது வராது. மறுநாள் சீதா மாமிக்கு விமானம். என் பையில் இரண்டு பொட்டலம். ஒன்று நானே கிளறிய பிரசவ லேகியம். இன்னொன்று தூத்துக்குடியிலிருந்து சொல்லி வரவழைத்த பால்சுறாக் கருவாடு. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு முதலில் கொடுப்பது அதுதான். வேகவைத்து உதிர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுப் புட்டாகச் செய்து கொடுத்தால் பால் நன்றாக ஊறும். நான்கு பிளாஸ்டிக் உறை, மேலே தமிழ் பேப்பர், அதன்மேல் டேப்பு. விமான நிலையத்து நாயே மோப்பம் பிடிக்க முடியாதபடி கட்டியிருந்தேன்.

மாமி வீட்டுக் கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. லேகியத்தை வாங்கி மோந்து பார்த்து, "சுக்கு நன்னா விழுந்திருக்கு" என்று மனதாரச் சொல்லி உள்ளே வைத்தார். அடுத்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதென்ன, இத்தனை சுத்தி வெச்சிருக்கேள்?"

"பால்சுறாக் கருவாடு. மலருக்கு."

பொட்டலத்தை மெதுவாக மேஜை ஓரத்தில் வைத்தார். எறியவில்லை, முகம் சுளிக்கவில்லை. புடவைத் தலைப்பில் விரலை மட்டும் துடைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதேங்கோ. பெட்டியில சுவாமி படம் வெச்சிருக்கேன். பால் ஊறறதுக்கு வெந்தயம் இருக்கு, பூண்டு இருக்கு. நான் பாத்துக்கறேன்."

"சரி மாமி."

"ஆடியில வேண்டாம்னு நான் வாயைத் திறந்திருக்கப்படாது. எங்காத்துக்காரர்கிட்டயும் சொல்லிச் சொல்லி மாஞ்சுண்டிருக்கேன், கேட்டேளா."

இத்தனை வாரமாக இவர்மேல்தான் கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரே வார்த்தையில் அதையும் பிடுங்கிக்கொண்டார். கோபமும் போய்விட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவது? காபி குடித்தேன். மலருக்கு முதுகில் எந்த இடத்தில் வெந்நீர் ஊற்றினால் சுகமாக இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். பெற்ற பெண்ணை எப்படிக் குளிப்பாட்ட வேண்டும் என்று இன்னொருத்திக்குப் பாடம் நடத்திவிட்டு, கருவாட்டுப் பொட்டலத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், இது மாதிரி ஒரு வகுப்பு எடுத்ததில்லை.

ஐப்பசி 4. பெண் குழந்தை. ஒரு நாள் முந்திக்கொண்டாள், அவளாவது யாருக்கும் காத்திருக்கவில்லை. வீடியோவில் சீதா மாமி அவளை இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினார். தலை நிறைய முடி. மலர் பின்னால் படுத்திருந்தாள், கண்ணை மூடியபடி.

ஊர் சுற்றி வருகிறவர்கள் கடைசியில் அந்த ஊரையும் நம் ஊரையும் ஒப்பிட்டு நாலு வார்த்தை எழுதுவார்கள். நான் ஒப்பிட என்னிடம் இரண்டு பாஸ்போர்ட் இருக்கின்றன. ஒன்று மூலை வெட்டியது, ஒன்று பத்து வருஷம் உயிரோடிருக்கப் போவது. இரண்டிலும் விசாப் பக்கங்கள் வெள்ளை. ஐப்பசி 12-ஆம் தேதி விசா மையத்துக்கு நான் போகவில்லை. தை பிறந்ததும் வாம்மா என்று மலர் சொல்கிறாள். தைக்கு இப்போதே மனுப் போட்டால்தான் உண்டு. மார்கழியும் ஆகாத மாசம்தானே என்று வீட்டுக்காரர் வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

குழந்தை பிறந்த அன்று மதியம் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். வேகவைத்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, ஒரு குறையும் இல்லாமல் புட்டுச் செய்தேன். இரண்டு தட்டில் போட்டேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கை வைக்கவில்லை.

"ஆடி கழிஞ்சிட்டுல்லா," என்றேன். "சாப்பிடுங்க."