எட்டாவது வாரத் தட்டு

தேனிக்கு வெளியே ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு ஆண்டுகளாகக் கரு எண்ணுகிறேன். எங்கள் வேலைக்கு டாமினன்ட் லீத்தல் டெஸ்ட் என்று பெயர். மருந்தை ஆண் எலிக்கு மட்டும் கொடுத்து, வாரம் ஒரு புதிய பெண் எலியை அதனுடன் விடுவோம். பிறகு சினையான பெண்ணின் கருப்பையைத் திறந்து எண்ணுவோம். இறந்த கரு கடுகளவு கரும்புள்ளியாகத் தெரியும். தகப்பன் எலி நன்றாகத் தின்று திரியும்; அதன் விந்தில் பட்ட அடி, மருந்தே தொடாத தாயின் வயிற்றில் தெரியும். அந்த வியப்பு எனக்கு இன்னும் குறையவில்லை.

சோதனை சரிதானா என்று பார்க்க, கெடுக்கும் என்று முன்பே தெரிந்த மருந்தை ஒரு குழுவுக்குக் கொடுப்போம். எங்களுடையது சைக்ளோபாஸ்பமைடு. போன ஆண்டு மதுரையில் என் மகனுக்குப் புற்றுநோய்க்காக ஏற்றிய பாட்டிலில் அதே பெயர் இருந்தது. அப்போது அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

சிகிச்சை முடிந்ததும் கேட்டான். "எனக்குப் பிள்ளை பெறந்தா நல்லா இருக்குமாம்மா?"

"டாக்டரு என்ன சொன்னாக?"

"ரெண்டு வருசம் பொறுக்கச் சொன்னாக. நீ சொல்லு."

எனக்குத் தெரிந்தது எலிக்கணக்குதான்.

இணைசேர்த்தவர் எண்ணக் கூடாது என்பது எங்கள் விதி. கருப்பை வைத்த தட்டில் எண் மட்டும் இருக்கும். இணைசேர்த்தவருக்கோ அதைப் பார்த்ததும் குழு நினைவுக்கு வந்துவிடும். இந்த முறை இணைசேர்த்தது நான். அன்று எண்ண வேண்டிய முருகேஸ்வரி ஆண்டிபட்டியில் பஸ்ஸை விட்டுவிட்டாள். நான் உட்கார்ந்தேன். முதல் வாரங்களில் கரும்புள்ளியாகவே கிடந்த அதே சைக்ளோபாஸ்பமைடு குழு. எட்டாவது வாரம். பன்னிரண்டு உயிருள்ள கருக்கள். ஓரத்தில் ஒரு புள்ளி. ரத்தக்கட்டு என்று எனக்கு நானே சொல்லி, எழுதாமல் விட்டேன்.

மதியம் இன்சார்ஜிடம் போனேன்.

"சார், நல்லபடியா வரணும்னு ஒரு புள்ளிய விட்டுட்டேன். வேற ஆள் எண்ணட்டும்."

"விதி மீறுனதா டீவியேஷன் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இந்த ஸ்டடி முடியிறவரைக்கும் தட்டுப் பக்கம் வராதீக."

தாமதமாக வந்த முருகேஸ்வரி, எந்தக் குழு என்று தெரியாமலே எண்ணினாள். "உசுரோட பன்னெண்டு, செத்தது ஒண்ணு. இம்புட்டுப் பெரிய புள்ளிய விட்டுருக்கீக, கண்ணாடிய மாத்துங்கக்கா."

எல்லாத் தட்டும் முடிந்து குழு எண்களைத் திறந்தபோது, ஒப்பிடுவதற்காக மருந்தே கொடுக்காமல் வைத்த குழுவிலும் அங்கங்கே ஒரு புள்ளி இருந்தது. எட்டாவது வாரத்தில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒன்றே. அடிபட்ட விந்தெல்லாம் கழிந்து, உடம்பு புதிதாக உண்டாக்கியிருந்தது. ஆனாலும் இந்தச் சோதனை சாகிற கருவைத்தான் காட்டும். பிறக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்லாது.

எண்ண வருகிறவர்களே, நீங்கள் ஆசைப்படுகிற தட்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

டாக்டர் சொன்ன ரெண்டு வருடத்தைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, மகனிடம் அந்தப் பன்னிரண்டையும் சொன்னேன். அந்த ஒன்றையும் சொன்னேன்.