பூனை குடித்த மீனெண்ணெய்

என் மகளின் கண்ணுக்கென்று ஆஸ்பத்திரியில் தந்த மருந்தைப் பூனைக்கு ஊற்றியவள் நான்.

ஆம், நான்தான்! கைதவறிக் கொட்டவில்லை. மறந்துபோகவும் இல்லை. காலைதோறும் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி அடுக்களைக்குப் பின்னால் வைத்தேன். பூனை நக்கித் தீர்த்தது. அதன் ரோமம் பளபளத்த அழகை என்னவென்று சொல்ல...

கிருபை நான் பெற்றவள் அல்ல. புதுக்கடைச் சந்தையில் கருப்பட்டி வியாபாரம் செய்தவருக்கு இரண்டாந்தாரமாக வந்தேன். தாயில்லாத அந்தச் சிறுபெண் கதவுக்குப் பின்னால் நின்று என்னை எட்டிப் பார்த்தாள். அந்த நொடியிலேயே அவளுக்கு அடிமையாகிப்போனேன். நம்புங்கள், அதில் மட்டும் பொய் இல்லை!

ஆனால் ஊர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தது. பிள்ளை சற்றே சிணுங்கினால் போதும், வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பும். சித்தி கொடுமை என்று எவரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. கீரையைத் துப்பினாள், கீரை சமைப்பதை விட்டேன். மீன் நாறுகிறது என்றாள், அதையும் நிறுத்தினேன். வெள்ளைச் சோறும் சீனியும் பொரித்த அப்பளமும் கேட்டாள். வேளைதோறும் அதையே பிசைந்து ஊட்டினேன். "அம்மா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

சில மாதங்களில், அந்தி சாய்ந்தால் பிள்ளை தடுமாறத் தொடங்கினாள். எதிரிலிருந்த சோற்று வட்டிலைக் கையால் தடவித் தேடினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாலைக்கண் என்றார் டாக்டர். முருங்கைக்கீரையும் முட்டையின் மஞ்சள்கருவும் கொடுக்கச் சொல்லி, ஒரு குப்பி மீனெண்ணெயும் தந்தார்.

"தெனமும் ஒரு கரண்டி. அழுதாலும் விடப்பிடாது. விட்டா கண்ணு போயிரும்."

விளங்கத்தான் செய்தது... ஆனால் முதல் கரண்டிக்கே கிருபை ஓங்கரித்து அலறினாள். பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

"என்னத்துக்கு பிள்ளைய இப்பிடி கரைய வைக்கிய? தள்ள இல்லாத்த பிள்ளையில்லா!"

தாயில்லாத பிள்ளை என்ற அந்தச் சொல் போதும். மறுநாள் முதல் பூனைக்கு யோகம். மாலையில் வீட்டுக்காரர் கேட்பார், "எண்ணெ குடுத்தியா?" "குடுத்தேன்." எவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல்!

பிறகு ஊரெங்கும் மணல்வாரி அம்மை வந்தது. கிருபையின் இடக்கண் புண்ணாகி, வெளுத்து, அவிந்தது. ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம். அங்கே ஒரு நர்ஸ் அவள் மூக்கைப் பிடித்து எண்ணெய் புகட்டினாள். அழுத பிள்ளை சற்று நேரத்தில் அதே நர்ஸின் மடியில் சிரித்துக்கொண்டிருந்தாள்! மற்றக் கண் தப்பியது. வீட்டில் எண்ணெய் கொடுத்தாயா என்று டாக்டர் கேட்டார். அங்கேயும் கொடுத்தேன் என்றேன். மணல்வாரி கண்ணைக் கொண்டுபோயிற்று என்றது ஊர். நானும் சேர்ந்து சொன்னேன்.

தேங்காய் அரைத்துவிட்டுச் சிறுபயற்றோடு கடைந்தால் அதே கீரையை அவள் விரல் நக்கித் தின்பாள் என்பதை அதற்குப் பிறகுதான் கண்டேன். அந்தச் சின்னப் பாடுகூட நான் முன்பு பட்டதில்லை.

அப்புறம் ஜெபமணி பிறந்தான், நான் பெற்றவன். அவனைக் காலிடுக்கில் கிடத்தி, மூக்கைப் பொத்தி, அதே மீனெண்ணெயைப் புகட்டினேன். உதைத்தான், அடித்தேன். கிருபை ஓடிவந்து, "தம்பிய அடிக்காத அம்மா" என்று கெஞ்சுவாள். எஸ்தர் அக்கா ஊரெல்லாம் சொன்னாள்: "பெத்த பயல அடிச்சு வளக்கா. மூத்தவளுக்க பிள்ளைய பூப்போல பாக்கா. இப்பிடி ஒருத்தி உண்டுமா!"

பட்டுத் திருந்தினேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். இல்லை... அவன் அழுதபோது எனக்குப் பயமே வரவில்லை! எவ்வளவு அடித்தாலும் என் பிள்ளை என்னிடமே வருவான் என்ற தைரியம். அந்தத் தைரியத்தில் ஒரு துளி கிருபை விஷயத்தில் எனக்கு இருந்திருந்தால்? நான் காத்தது அவளையா, என் நற்பெயரையா?

இன்று காலை கிருபையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் கண்ணைப் பற்றி என்னிடம் கேட்டாள். நான் வாய் திறக்குமுன் கிருபை முந்திக்கொண்டாள்.

"சின்னதில மணல்வாரி வந்ததாக்கும். எனக்க அம்மா இல்லேன்னா மத்த கண்ணும் போயிருக்கும்."

நான் தலை குனிந்து நின்றேன். என் அடக்கத்தை அவர்கள் மெச்சியிருக்கக்கூடும். சொல்லியனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தவுடனே பதில் தெரிந்துவிட்டது.

மத்தியானம் நான் அடுக்களையில் கண்ணீர் விடுவதைக் கண்டு அவள் என்னைத் தேற்றினாள். "கரையாத அம்மா. எனக்கு நீ போரும்." பிறகு சாப்பிட உட்கார்ந்தாள்.

சோறு விளம்பி, மீன் துண்டை வட்டிலின் வலப்புறமாக வைத்தேன். இடப்புறம் வைத்தால் அவளுக்குத் தெரியாது.