உப்புக் காசு

வங்கியில் என் சில்லறை பாட்டிலைப் பார்த்ததும் கவுன்ட்டர்காரன் முகத்தைச் சுளித்தான். அப்படியே என் மாமா மூஞ்சி.

ராமேஸ்வரத்தில் யாத்திரைக்காரர்கள் கடலில் போடும் காசை நானும் அக்காவும் மணலோடு அரித்தெடுப்போம். அம்மா புளி போட்டுத் தேய்த்து ஊறுகாய் பாட்டிலில் சேர்ப்பாள். அவளுடைய அண்ணன், கரையில் கடை வைத்திருந்த பெரிய மனுசன், ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பார்.

"ஏத்தா, உப்புக் காசு. எவன் வாங்குவான் இதை?"

நூறு ரூபாய்ச் சில்லறைக்கு எண்பது ரூபாய்தான் தருவார். பிச்சை போடச் சில்லறை கேட்டு வருகிறவர்களிடம் நூறு ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு, அதே காசில் தொண்ணூறை எண்ணிக் கொடுப்பார். நாங்கள் நிற்கும்போதே.

அவர் செத்த அன்றைக்கு நெற்றியில் வைக்க ஒரு ரூபாய் தேடினார்கள். புளிக்கும் வெளுக்காத பழைய காசு ஒன்று என்னிடம் இருந்தது. வைத்தேன். மனுசன் மோந்து பார்க்கவில்லை.