ட்ராக் அக்கா போட்ட கையெழுத்து

ஒரு பாட்டு வெளியே வருவதற்கு முன்னால் அதை யாராவது மாதிரிக்குப் பாடி வைக்க வேண்டும். பெரிய பாடகி சாவகாசமாக வந்து, அதைக் கேட்டுப் பழகிக்கொண்டு, தன் குரலில் பாடிவிட்டுப் போவார். அப்புறம் மாதிரியை அழித்துவிடுவார்கள். அந்த மாதிரிக்குப் பெயர் ட்ராக். பதினெட்டு வருஷமாக அழிப்பதற்கென்றே பாடிக்கொண்டிருந்தவளை ஸ்டுடியோக்களில் எல்லாரும் ட்ராக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பாட்டு தினமும் சோறு போடாது. மற்ற நாட்களில் அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பாள். வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களிடம் "பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம்" என்று அவள் சொல்லும்போதே பாதி வலி போய்விடுகிறது என்று டாக்டரே ஒத்துக்கொள்வார்.

ஒரு விஷயத்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. வீட்டில் ஓசிப் பாட்டு கூடாது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கணவர், பிள்ளைகளுக்குப் போடலாமே என்று யாரிடமோ ஒரு பென்டிரைவ் நிறையப் பாட்டு ஏற்றி வந்தார். அவர் கண்ணெதிரிலேயே அத்தனையையும் அழித்தாள்.

"ஊரே சும்மாதான் கேக்குது. நான் ஒருத்தன் கேட்டா கம்பெனி கவுந்துடுமா?"

"கம்பெனி கவுந்தா எனக்கென்ன? வயலின்காரர் இருக்கார், மிக்ஸிங் பண்றவர் இருக்கார். அவங்க வயித்துல அடிச்ச பாட்டு நம்ம வேன்ல ஓட வேண்டாங்க."

அச்சகத்தில் பிழை திருத்துகிற நாத்தனார் இதைக் கேட்டுச் சிரிப்பாள். "அண்ணி, நீங்க பாடி அழிச்ச பாட்டை நீங்களே காசு குடுத்து வாங்குறீங்க. உங்கள மாதிரி ஒரு ஏமாளிய நான் பார்த்ததில்ல."

அந்த நாத்தனார்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணி, இது யார் குரல்னு சொல்லுங்க!"

போன மாசம் பாடிய பாட்டு. இன்னும் வெளியாகவே இல்லை. ஸ்டுடியோவிலிருந்து யாரோ ட்ராக்கைக் கசியவிட்டு, அது ஏதோ ஒரு தளத்தில் ஏறி, ஆயிரக்கணக்கானவர்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள் இருமுவதும், "சாரி சார், இன்னொரு தடவை போகலாமா?" என்று கேட்பதும்கூட அப்படியே இருந்தது. கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள்: "இது யாருங்க? பெரிய பாடகி பாடினாலும் இந்த உயிர் வராது."

திருட்டுச் சரக்கு என்று முதலில் கோபம்தான் வந்தது. அதன் பின்னாலேயே, கூப்பிடாமலே, ஒரு சந்தோஷமும் வந்து உட்கார்ந்துகொண்டது. சந்தோஷப்பட்டதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. நாத்தனார் மாடிக்குப் போனதும், வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த டவுன்லோட் பொத்தானை அழுத்தினாள்.

மூன்றாம் நாள், அந்தப் பாட்டை வெளியிடவிருந்த கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. குளிர் நடுக்குகிற அறை, நீள மேஜை, எதிரே சட்டப் பிரிவு மேலாளர். ஓரத்தில் ஸ்டாண்டில் ஒரு கேமரா. தட்டச்சு செய்த தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார்.

"ஒண்ணுமில்ல மேடம். கேமராவப் பார்த்து இதப் படிச்சுட்டு ஒரு கையெழுத்து. நீங்க சொன்னா மக்கள் நம்புவாங்க."

அவள் நிதானமாகப் படித்தாள். பாட்டைக் கசியவிட்டது நான் இல்லை. அதை இறக்கிக் கேட்கிற ஒவ்வொருவரும் திருடர். அந்தப் பதிவில் இருக்கும் குரலுக்கும் எனக்கும் எந்த உரிமைத் தொடர்பும் இல்லை.

"முதல் வரி நிஜம். அதுக்குக் கையெழுத்துப் போடுறேன்" என்றாள். "ரெண்டாவது வரியில ஒரு பேர் விட்டுப்போச்சே."

"யார் பேரு?"

"என் பேரு. நானும் டவுன்லோட் பண்ணினேன். இதோ, போன்ல இருக்கு. என்னையும் திருடின்னு எழுதுங்க, படிக்கிறேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களே இப்படிப் பேசலாமா? நீங்க காசு குடுத்துக் கேக்குறவங்கன்னு சொன்னாங்க."

"ஆமா. பதினெட்டு வருஷமா. நீங்க போடுற ஒவ்வொரு பாட்டுலயும் யார் யார் வாசிச்சாங்கன்னு பேர் தேடுவேன் சார். பெரிய பாடகி பேர் இருக்கும், உங்க கம்பெனி பேர் ரெண்டு இடத்துல இருக்கும். அந்தப் பாடகி மூச்சு எடுக்குற இடம்கூட நான் எடுத்த இடம்தான். எனக்கு ஒரு வரி இருக்கா?"

"ட்ராக்குக்குப் பேர் போடுற வழக்கம் இல்ல மேடம்."

"குரலே என்னுதில்லைன்னு எழுதி வாங்குற வழக்கம் மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

அவர் குரலை இறக்கினார். "இனிமே எந்த ஸ்டுடியோவும் உங்களைக் கூப்பிடாது. யோசிச்சுக்குங்க."

அவள் பேனாவை எடுத்தாள். இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் அழுத்தமாக அடித்தாள். முதல் வரிக்கு நேர் கீழே, வேறு ஒரு சொல்லும் நுழைய முடியாதபடி நெருக்கிக் கையெழுத்துப் போட்டாள். கேமராவைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

விஷயம் எப்படியோ பரவியது. அடுத்த வாரம் மருத்துவமனைக்கு ஒரு ஆள் பூங்கொத்தோடு வந்தார். பல்லில் எந்தக் கோளாறும் இல்லை. "அந்தத் தளம் என்னுதுதான் மேடம். கம்பெனிக்காரங்க மூக்கை உடைச்சிட்டீங்களாமே! உங்களை உலகத்துக்குக் காட்டினதே நான்தான்."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன். அது தெரிஞ்சுதானே கேக்கல?" குரல் உயரவில்லை. காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "அவங்க என் பேரை மறைச்சாங்க. நீங்க என் இருமலைப் போட்டு விளம்பரம் ஓட்டுறீங்க. ரெண்டு பேரும் எனக்கு நல்லது பண்றதா வேற சொல்லிக்கிறீங்க. பூவை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. போனதும் அந்தப் பாட்டை எடுங்க."

அவர் தளத்திலிருந்து எடுத்தார். அதற்குள் அது பத்து இடத்தில் முளைத்திருந்தது.

மேலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான்கு மாதம் ஒரு ஸ்டுடியோவும் கூப்பிடவில்லை. அவளுக்கு அழுகை வந்த நாட்கள் உண்டு. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். ஐந்தாம் மாதம், அவள் பக்கம் பேசியதற்காக அவளோடு சேர்த்து ஓரங்கட்டப்பட்டிருந்த ஒரு கீபோர்டுக்காரர் போன் செய்தார். "எங்கிட்ட ஒரு மெட்டு இருக்கு. பாட்டுக்கு வார்த்தை யாராவது எழுதணும்."

"எங்க வீட்டு மாடியில ஒருத்தி இருக்கா. அடுத்தவங்க பிழையத் திருத்தித் திருத்தியே சலிச்சுப்போய்ட்டா" என்றாள்.

கீபோர்டுக்காரரின் படுக்கையறை ஜன்னலை மெத்தை வைத்து அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பாடினாள். அழித்துவிட்டு அதன் மேல் பாடப் பின்னால் யாரும் வரப்போவதில்லை. இந்தத் தடவை அவள் மூச்சு எடுத்த இடம் அவளுடையதாகவே நின்றது. பாட்டின் அட்டைப் படத்தில் மூன்று பேர் பெயரும் ஒரே அளவில் இருந்தன. பாட்டை இணையத்தில் ஏற்றியபோது கீழே அவளே எழுதினாள்: "காசு குடுத்து வாங்குங்க. முடியாதவங்க சும்மா எடுத்துக்குங்க. ஆனா எடுக்குறத எங்ககிட்டயே எடுங்க. பேரை வெட்டாதீங்க."

வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். சும்மா எடுத்தவர்கள்தான் அதிகம். வேனைத் துடைத்துக்கொண்டே கணவர் கேட்டார், "இவ்வளவு பேசுற நீயே இப்படி வாரிக் குடுக்குறியே. சும்மா எடுக்குறவங்க மேல உனக்குக் கோவமே வரலையா?"

"வருது. ஏன் வராது? வாங்க வசதி இருந்தும் வாங்காதவன நினைச்சா நல்லாவே வருது. ஆனா அந்தக் கோவம் என்னோட பாட்டுக்காக எனக்கு வர்ற கோவம். இன்னொருத்தர் எழுதிக் குடுத்து நான் படிக்கிற கோவம் இல்ல."

அவர் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு வேனில் ஏறினார். பாட்டைப் போட்டார். முதல் வரி முடிவதற்குள் அவள் ஜன்னல் கண்ணாடியில் தட்டினாள்.

"இதை வாங்கினீங்களா, சும்மா எடுத்தீங்களா?"

"வாங்கினேன்டி தாயே, நம்பு!"

"ரசீதைக் காட்டுங்க" என்றாள்.